லொறியில் போன அம்மன்

அன்புள்ள தனுசனின் அப்பாவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. கொச்சியில் கப்பல் வேலை இல்லாத நாளில் யூதர்களின் ஜெப ஆலய விழாவுக்குப் போனதை எழுதியிருந்தீர்கள். ராசா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தாராம், ஒருவரும் தடுக்கவில்லையாம். ஆனால் செபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும், இப்போது பத்துப் பேர் இல்லை, எல்லாரும் தாமாகவே வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள் என்றீர்கள். அதே கடிதத்தில் எங்களையும் அங்கே வந்துவிடச் சொல்கிறீர்கள்.

அந்த வெறும் கூடம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை இங்கே எங்கள் அம்மனின் வீதியுலா. பல்லக்குத் தூக்க ஆள் போதவில்லை. இளையவர்கள் எல்லாரும் வெளிநாட்டில். வல்லிபுரம் மாமா எதிர்க்கடை ஜெமீலைக் கூப்பிட்டார்.

"சாமி தூக்க எனக்கு ஏலாது மாமா. லொறி தாறன். மீன் ஏத்தாத லொறி, பயப்பிடாதேங்கோ!"

"நீ ஓடுற ஓட்டத்துக்குத்தானடா அம்மன் பயப்பிடுவா!"

எல்லாரும் சிரித்தோம். பொலிசார் வாகனங்களை மறித்து எங்களுக்கு வழிவிட்டார்கள். துறைமுகப் பக்கம் லொறியின் பின்னால் பெண்களும் கிழவர்களுமே நடந்தோம்.

"அப்பா இல்லாதபடியாலோ அம்மா, அம்மன் லொறியில போறா?" என்று தனுசன் கேட்டான். நான் தட்டில் இன்னொரு கற்பூரத்தை ஏற்றினேன்.

நாங்கள் புறப்பட்டாலும் ஒருவரும் மறிக்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம்; அந்தக் கூடம்போல எங்கள் கோயிலும் வெறுமையாகிவிடும். நாங்கள் வரவில்லை. நீங்கள் வாங்கோ.

இப்படிக்கு,
உங்கள் மகனின் அம்மா