அடுத்தடுத்த சுட்டெண்

21.01.1990, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து சேலைகூட மாற்றவில்லை, றம்லா வந்து நிற்கிறாள். காத்தான்குடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கையில் பேப்பர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்களாம்.

“நல்லாப் பாருகா எமிலி, வயசு ஒண்டும் போடல்ல. நாமளும் போடுவம்.”

என் புருஷன் பேர்னாட் அரசாங்கக் கச்சேரியில் எழுத்துவேலை பார்க்கிற லிகிதர், எதையும் ஒருமுறை பகிடி பண்ணிவிட்டுத்தான் யோசிப்பார். “முப்பத்தெட்டு வயசில எந்த வாங்கில இருத்துவாங்க?” என்றார். “முன் வாங்கில. கண் தெரியாதே,” என்றாள் றம்லா. மகள் மேர்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பகல் முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. உயர்தரம் சித்தியெய்திய வருடம்தான் அப்பா தவறிப்போனார். தம்பி யோசேப்புக்கு அப்போது ஆறு வயது. வீட்டுக்குச் சம்பளம் வேண்டியிருந்தது, ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். அங்கேதான் றம்லா. அவளுக்கும் கலியாணம் பேசிவைத்திருந்ததால் பெரிய படிப்புக்கு விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவளும் மறக்கவில்லை என்பது இன்றுதான் தெரிந்தது.

04.02.1990

பாடங்கள் முடிவாயிற்று. தமிழ், புவியியல், பொருளியல். எனக்குப் புவியியல் பயம். “நான் சொல்லித் தாறன், நீ எனக்குத் தமிழ் சொல்லித் தா,” என்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே தொகுதிப் புத்தகம்தான். பொருளியல் அவள் வீட்டில் இருக்கும், புவியியல் இங்கே. ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றிக்கொள்வது.

02.03.1990

விண்ணப்பங்களை ஒரே உறையில் போட்டுப் பதிவுத்தபாலில் அனுப்பினோம். றம்லாவின் தம்பி ஆதம்பாவாதான் தன் மோட்டார் சைக்கிளில் எங்களுக்கு முன்னே தபாற்கந்தோருக்குப் போய் வரிசையில் இடம் பிடித்து வைத்தான். “ரெண்டு ராத்தாமாரும் பட்டதாரியாகினா எனக்கு என்ன தருவீங்க?” என்றான். “உனக்குப் பொண்ணு பாத்துத் தாறன்,” என்றேன். வெட்கப்பட்டான், கடை நடத்துகிற பிள்ளை.

ஆமி வெளியேறுகிறது என்கிறார்கள். இந்தியாக்காரர். பள்ளிக்கூடங்கள் ஒழுங்காக நடக்கின்றன. கொஞ்சம் மூச்சு விடலாம் போல இருக்கிறது.

20.05.1990

பதிவு கிடைத்துவிட்டது! இரண்டு பேருக்கும். ஒரே உறையில் போட்டதால் பதிவு எண்களும் அடுத்தடுத்து. அவள் முன்னால், நான் பின்னால். “பரீட்சை மண்டபத்திலயும் இப்பிடித்தான் இருத்துவாங்க,” என்றாள். “நான் முதுகக் கொஞ்சம் சரிக்கிறன், நீ பாத்து எழுது.”

வாசல் படலையடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தபோது யோசேப் வந்தான். ஆறு வருடமாக இயக்கத்தில் இருக்கிறான். இப்போதெல்லாம் பகலிலேயே வந்து போகிறான். சின்ன வயதிலிருந்தே றம்லாவை அவள் தம்பி கூப்பிடுவதுபோல ‘ராத்தா’ என்றுதான் கூப்பிடுவான். “என்ன ராத்தா, பல்கலைக்கழகமாமே,” என்றான். அவள் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். “நீ படிச்சிரிக்க வேண்டியது. நாங்க கிழவியள் படிக்கிறம்.”

13.06.1990

இலங்கை ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிவிட்டது.

08.07.1990

கோவிலில் இருக்கிறோம். எங்கள் நாவற்குடாவில் பாதிச் சனம் இங்கேதான். பாயில்லை. குழந்தைகளுக்கு வயிற்றோட்டம். புவியியல் புத்தகத்தைத் தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தேன், ஏன் என்று தெரியாது.

இன்று மத்தியானம் றம்லா வந்தாள். புருஷன் அலியாரும் கூட. அரிசி, பருப்பு, பால்மா. எப்படி வந்தாய், வழியில் ஒருவரும் மறிக்கவில்லையா என்று கேட்டேன். “கலோரி இல்லாமப் படிக்கேலாது,” என்றாள். பக்கத்திலிருந்த சனங்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆதம்பாவாவுக்குப் பொண்ணு சரிவந்திரிக்கு. ஏறாவூரில. கலவரம் முடிய நிக்காஹ். நீ வராட்டி நடக்காது,” என்றாள்.

04.08.1990, சனி

காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டிருக்கிறார்கள். நேற்று இராத்திரி. நூறு பேருக்கு மேல் என்கிறார்கள். பிள்ளைகளுமாம். தொழுதுகொண்டு நின்ற பிள்ளைகள்.

எங்கட ஆக்கள்தான் எண்டு எல்லாரும் சொல்லுறாங்க. மெதுவாச் சொல்லுறாங்க.

யேசுவே.

05.08.1990

ஆதம்பாவா.

06.08.1990

போகவேண்டும் என்று எழும்பினேன். பேர்னாட் கையைப் பிடித்து இழுத்தார். “எந்த முகத்தோட போவாய்?” அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. “அங்க போனா உன்னைக் கொல்லுவாங்க. கொல்லாட்டி, நீ என்ன சொல்லப்போறாய்?”

மஞ்சந்தொடுவாய்க்கு அந்தப்பக்கம் காத்தான்குடி. நடந்தால் நாலைந்து பாட்டுப் பாடி முடியுமுன் போய்விடலாம். அவ்வளவுதான் தூரம். போகவில்லை. நான் போகவில்லை.

யோசேப் எங்கே நிற்கிறான்? ஒன்றரை மாதமாக ஒரு சேதியும் இல்லை. அவன் வன்னிப் பக்கம் போயிருக்கவேண்டும். போயிருப்பான். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்தாலும் அவனை இதற்கெல்லாம்... இல்லை. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்.

30.08.1990

இப்போது எங்கள் ஊர்களில் வெட்டும் கொலையும். பழிக்குப் பழி. இரண்டு பக்கமும் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆமியின் சுற்றிவளைப்பில் பேர்னாட்டையும் கொண்டுபோய்விட்டார்கள்.

22.09.1990

பேர்னாட் வந்துவிட்டார். இடது காது கேட்கவில்லை. கால் வீங்கியிருக்கிறது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். உயிரோடு இருக்கிறார்.

11.10.1990

வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம். இன்று பேர்னாட்டோடு கச்சேரியில் வேலைசெய்யும் மீராலெப்பை ஒரு பையைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்திருக்கிறார். எங்கள் பொருளியல் புத்தகங்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஒரு சொல் இல்லை.

புவியியல் புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லையாம், அது இனி அவளுக்கு வேண்டாமாம். அவர்கள் குடும்பத்தோடு கண்டிக்குப் பக்கத்து அக்குறணைக்குப் போய்விட்டார்கள். அலியாரின் அண்ணனுக்கு அங்கே புடவைக் கடை. றம்லாவின் உம்மா, பெற்ற மகன் போனதிலிருந்து ஒருவரோடும் அதிகம் பேசுவதில்லையாம். வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கிறாவாம்.

மீராலெப்பை பேர்னாட்டின் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாராம். முன்பு இரண்டு பேரும் ஒரே பார்சலில் சோறு தின்கிறவர்கள்.

06.01.1991

படிப்பை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து இரண்டு மாதம். மேர்சி இன்று என் மேசையைத் துடைத்துப் புத்தகங்களை அடுக்கிவைத்திருந்தாள். “அம்மா, நான் பெரிய சோதினைக்குப் படிக்கிறன். தனியப் படிக்கப் பயமா இரிக்கு. நீங்களும் இருங்களன்,” என்றாள். ஒரே விளக்கில் இரண்டு பேரும் படிக்கிறோம். மண்ணெண்ணெய் மிச்சம் என்கிறார் பேர்னாட். ஒரு காது போயும் பகிடியைக் கைவிடவில்லை மனிசன்.

17.03.1991

பரீட்சைச் சுட்டெண் போட்ட அனுமதி அட்டை வந்தது. அடுத்த மாதம் கண்டியில் பரீட்சை.

முன் எண் அவளுடையது. அந்த நாற்காலி காலியாக இருக்கும்.

20.04.1991, கண்டி

வழியெல்லாம் இறக்கி ஏற்றி, பைகளைக் கொட்டிக் கிண்டி, ஒரு வழியாக நேற்று வந்து சேர்ந்தோம். கன்னியர் மடத்தில் தங்கல். பேர்னாட் வெளியே ஒரு லொட்ஜில்.

காலையில் மண்டபத்துக்குள் போனால் எல்லோரும் பிள்ளைகள். என்னைப் பார்த்து ஒரு பொடியன் எழும்பி நின்றான், மேற்பார்வையாளர் என்று நினைத்து. என் இடத்தைத் தேடி இருந்தேன். முன் நாற்காலி காலி. மணி அடிக்கச் சற்று முன்னால் ஒரு பெண் வந்து அதில் இருந்தாள். வெள்ளை முக்காடு.

முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. மெலிந்துபோயிருந்தாள்.

திரும்பவில்லை. முடிந்ததும் எழும்பி நேரே போய்விட்டாள். நான் பின்னால் ஓடிப் போயிருக்கலாம். போகவில்லை. வந்துவிட்டாள், எழுதுகிறாள், அது போதும் என்று பேர்னாட்டிடம் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். சந்தோஷத்தில்தான்.

21.04.1991

இன்றும் திரும்பவில்லை. பொருளியல் நன்றாகச் செய்தேன்.

22.04.1991

புவியியல்தான் கடைசிப் பேப்பர். அவள் சொல்லித்தந்த பருவக்காற்றுக் கேள்வி வந்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்து அதை எழுதினேன்.

முடிந்து வெளியே வந்தால், முற்றத்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான்.

“எழுதி முடிச்சிட்டீங்களா?”

நீங்க. பதினெட்டு வருசம் என்னை ‘நீ’ எண்டு கூப்பிட்டவள்.

“ஓம் றம்லா.”

“நல்லா எழுதினீங்களா?”

“ஓம்.”

“யோசேப் அண்டைக்கு எங்க நிண்டான்?”

“தெரியாது,” என்றேன்.

“ஆண்டவர் மேல?”

“ஆண்டவர் மேல தெரியாது, றம்லா. அதுக்குப் புறகு நான் அவனைக் காணவே இல்ல.”

என் கண்ணைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வதுபோல: “நான் ஒரு பேப்பரும் எழுதல்ல. சுட்டெண்ண மட்டும் எழுதிக் குடுத்தன். எனக்குப் பின்னால நீங்க வந்து இருப்பீங்க எண்டு தெரியும். இத ஒருக்காக் கேக்கோணும் எண்டுதான் வந்த.”

“அப்ப முதல் நாளே கேட்டிரிக்கலாமே.”

“முதல் நாள் கேட்டிருந்தா நீங்க எழுதிரிக்க மாட்டீங்க.”

போய்விட்டாள். அலியார் வெளிக்கேற்றில் நின்றார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்று நாள். வெறுங்கையோடு எனக்கு முன்னால் இருந்திருக்கிறாள். நான் எழுதி முடிக்கட்டும் என்று.

15.12.1991

முடிவு வந்தது. மூன்று பாடமும் சித்தி. புவியியலில்தான் கூடிய புள்ளி. பேர்னாட் பாண் கடையில் கேக் வாங்கிவந்தார். மேர்சி கட்டிப்பிடித்தாள். என் துண்டையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

09.02.1992

யோசேப் படுவான்கரையில் சின்னம்மா வீட்டுக்கு வந்து போகிறான் என்று எங்கள் பள்ளிக்கூடத்துத் தங்கராசா மாஸ்டர் சொன்னார். பேர்னாட்டுக்குச் சொல்லாமல் மண்முனைத் துறையால் தோணி ஏறினேன்.

சோறு தின்றுகொண்டிருந்தான். தாடி. என்னைக் கண்டதும், “அக்கா!” என்று இடது கையால் பக்கத்துப் பாயை இழுத்துப் போட்டான். சுகம் கேட்டான். சோதினை எப்படி என்று கேட்டான். பாஸ் என்றேன். முகமெல்லாம் சிரிப்பு.

“காத்தான்குடியில அண்டைக்கு நீ நிண்டியா?”

சிரிப்பு போயிற்று. ஆனால் பொய் சொல்லவில்லை. என்னிடம் அவன் எப்போதும் பொய் சொன்னதில்லை.

“உள்ளுக்குப் போகல்ல அக்கா. ரோட்டுல காவல் நிண்டன்.”

“சத்தம் கேட்டுதா?”

“கேட்டுது.”

“ஆதம்பாவா உள்ளுக்கு இரிந்தான்.”

“தெரியாது அக்கா. மறுகா, எல்லாம் முடிஞ்ச புறகுதான் தெரியும்.”

“தெரிஞ்சிருந்தா?”

அவன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் பின்பக்கத்தால் போய்விட்டான். வயல்வரம்பில் போவது கொஞ்சத் தூரம் தெரிந்தது. சின்னம்மா, “என்னடி சொன்னாய் அவனுக்கு, சாப்பிடக்குள்ள?” என்று ஏசினாள்.

அவன் என் தம்பி. நான் வளர்த்த பிள்ளை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன், கூப்பிடவில்லை.

02.03.1992, கண்டி

இரண்டாம் வருடத்துக்குப் பதிய இன்றுதான் கடைசி நாள். பேர்னாட்டைப் பல்கலைக்கழகக் கந்தோர் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நான் முதலில் அக்குறணை பஸ்ஸில் ஏறினேன். புடவைக் கடையில் கேட்டால் வீட்டைக் காட்டினார்கள்.

றம்லாதான் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் உம்மா இருப்பது தெரிந்தது. வா என்று சொல்லவில்லை. நானும் படியில் நின்றபடியே சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ரோட்டில் காவல் நின்றான். சத்தம் கேட்டான். ஆதம்பாவா உள்ளே இருந்தது அவனுக்கு அப்போது தெரியாது.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

“தெரிஞ்சிருந்தா?”

“நானும் அதத்தான் கேட்டன். சோத்த உட்டுட்டு எழும்பிப் போயிற்றான்.”

உள்ளேயிருந்து உம்மா, யார் வந்திருக்கிறது என்று கேட்டா. றம்லா திரும்பிப் பார்த்து, “ஒருத்தருமில்ல உம்மா. விலாசம் கேக்காங்க,” என்றாள்.

பிறகு படியிறங்கி என் பக்கத்தில் வந்தாள். என் தோளிலிருந்து நழுவியிருந்த பையை ஏற்றிவிட்டாள். “இனி இங்க வராதீங்க, எமிலி,” என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. “படிப்ப மட்டும் உட்டுராதீங்க.”

கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள்.

கந்தோர் பூட்டுமுன் வந்து பதிந்துவிட்டேன்.