கிழங்கு அவித்த வீட்டுப் பிடியரிசி

அம்மா,

இன்று காலை மருமகள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி, சபைக்கென்று தனியே டின்னில் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். பிடியரிசி என்றாலே இந்த வயதிலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம் ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு, பாறசாலை வீட்டில் நீ தனியாக இருந்தாய். தள்ளாத வயதில் நெல்லுக் குத்தப் போனாய். கூலியாகக் கிடைத்த அரிசியை நீ பொங்கவே இல்லை. மரச்சீனிக் கிழங்கை அவித்து உப்புத் தொட்டுத் தின்றுவிட்டு, அரிசியை ஞாயிறுதோறும் சபைக்குக் கொண்டுபோனாய்.

என்னைக் கட்டிக்கொடுத்த பெருங்கடவிளையிலிருந்து நான் பார்க்க வந்தபோது உன் முகமும் காலும் வீங்கியிருந்தன. காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. "இந்த அரிசியைப் பொங்கித் தின்னப்பிடாதா அம்மே?" என்று கத்தினேன்.

"அது கர்த்தருக்கு உள்ளதாக்கும். கொடி பிடிக்கப் போனவன் வீட்டில அடுப்பு எரியலைண்ணு ஒருத்தனும் சொல்லப்பிடாது மக்கா" என்றாய்.

நேரே சபை மூப்பர் வீட்டுக்குப் போனேன். சேர்ந்த பிடியரிசியை ஏழைகளுக்குப் பங்கு வைப்பவர் அவர்தான். உனக்கும் ஒரு பங்கு கேட்டேன். அவர் சிரித்தார்.

"எல்லா ஞாயிறும் பிடியரிசி கொண்டு வாறவளுக்கு என்ன குறைவு? ஆளு முன்னைக்காட்டி தடிச்சிட்டும் உண்டே!"

கெட்ட மனிதர் அல்ல. பட்டினி வீக்கத்தைச் சதை என்று நம்பிவிட்டார். ஊரே அப்படித்தான் நம்பியது. நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை.

என்னோடு வரச் சொன்னேன். "அவன் வரும்போ வீடு பூட்டியா கிடக்கணும்?" என்று மறுத்துவிட்டாய். கொண்டுவந்த பயறை உன் கையில் திணித்துவிட்டு அழுதுகொண்டே போனேன்.

தம்பி திரும்பி வந்தபோது நீ இல்லை. அவன் கேட்ட பக்கம் நம் ஊர் போகவும் இல்லை.

உன் அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி வைக்கச் சபையிலிருந்து அரிசி வந்தது. உனக்கென்று கேட்டபோது வராத அரிசி. அதில் உன் கைப்பிடியும் கலந்திருக்கும். எல்லோரும் குடித்தார்கள். நான் மட்டும் குடிக்கவில்லை.

நான் உலை வைக்கும் நாளில் இன்றும் கை தானாக ஒரு பிடி அள்ளுகிறது. அதைத் திரும்ப உலையிலேயே போட்டுவிடுகிறேன், மருமகள் முறைக்கிறாள். முறைக்கட்டும். அது உனக்கு உள்ள பிடி, அம்மா. பொங்கி என்ன, உன் வாய்க்கு இனி எட்டப் போவதில்லை.