பெருவிரல் மறைத்த இடம்

நவம்பர் 17, ஞாயிறு இரவு.

மன்னாரில் எங்கள் பழைய கோவில் பங்கின் ஞானஸ்நானப் பதிவு இடாப்பை, இங்கே எங்களோடு பூசைக்கு வரும் ஊர்க்காரன் ஜெராட் கோடையில் போய்ப் படம் எடுத்து வந்தான். நாற்பத்தொரு பக்கங்கள். நாற்பது தெளிவாக இருக்கின்றன. என் அப்பப்பாவின் பெயர் உள்ள பக்கத்தில் மட்டும் அவனுடைய பெருவிரல் விழுந்திருக்கிறது. அதுவும் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில்.

இன்று பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது அவனிடம் கேட்டேன்.

"கை பட்டிட்டுது அண்ணை. நான் என்ன ஸ்ரூடியோ வச்சிருக்கிறனே?"

"மற்றப் பக்கங்களில படேல்லையே?"

"விடுங்கோவன். பூட்டன்ர பேர் தெரியாட்டி உங்கட குடியுரிமையைப் பறிச்சுப் போடுவாங்களே?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

பரம்பரை தேடும் யோசனையே என்னுடையது. படங்களைக் காட்டிக் கைதட்டு வாங்குகிறவன் அவன். என் பூட்டன் ஜெராட் வீட்டு ஆளாக இருப்பார், என்னைச் சொந்தம் என்று சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறான் என்று ரொக்ஸ்பரோவில் என் வீட்டுக்கு வந்து சேருமுன்பே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற வரிகளில் தகப்பன் பெயர்கள் அந்த விரலைவிட நீளமானவை. இந்த வரியில் விரலுக்கு வெளியே ஓர் எழுத்தின் வால்கூட இல்லை. அங்கே பெயரே எழுதப்படவில்லை.

அதை நான் காணக்கூடாதென்றா விரலை வைத்தான்? ஜெராட்டா?

வேறு படம் கேட்டு மன்னார்ப் பங்குத்தந்தைக்கு எழுதலாம். எழுதப்போவதில்லை. அவன் வஞ்சகனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்காக இரங்கினான் என்றால் அடுத்த ஞாயிறு அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்.