மேல்படிக்குப் போன ராவணன்

சான் ரமோன்

அன்பு யாமினிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், பாங்காக் வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் இங்கிலீஷில் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறாய், தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், மெதுவாகப் படித்தால் மனதில் இறங்கும் என்றுதான் எழுதுகிறேன்.

புரொஃபசர் மறுபடியும் தீசிஸ் சாப்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார், ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்து கம்பெனியில் சேர்கிறேன் என்றாயே, அப்பா அன்றைக்கே கம்பெனி வைத்திருக்கும் நவநீத் அங்கிளிடம் உனக்கு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். நான் நீ அனுப்பியிருந்த அந்தச் சாப்டரைப் பிரிண்ட் எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன், பாதி வார்த்தை வாயில் நுழையவில்லை. ஆனால் தாய்லாந்து ராமாயணக் கூத்தில் ராவணன் வேஷம் கட்டுகிற அந்த நூடுல்ஸ் கடைக்காரர் வருகிற இடம் இருக்கிறதே, குரு வணக்கச் சடங்கில் ஆசிரியர் அவர் தலையில் முகமூடியை இறக்கும்போது கால் கட்டைவிரல் தானாக நிமிர்ந்தது என்று எழுதியிருக்கிறாய், அத்தனை பேரும் முகமூடியையே பார்த்துக்கொண்டிருக்க நீ ஒருத்திதான் காலைப் பார்த்திருக்கிறாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அப்பாவையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

நீ அனுப்பிய பச்சை முக ராவணன் முகமூடியைக் கொலுவில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் கீழ்ப்படியில் வைத்திருந்தேன். அங்கே முகமூடியையும் குருவாகக் கும்பிடுவார்கள், தாழ்வான இடத்தில் வைக்கமாட்டார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் ராமர் செட்டைக் கொஞ்சம் நகர்த்தி மேல்படிக்கு ஏற்றிவிட்டேன். வெற்றிலை பாக்கு வாங்க வந்த விஷாகா ஆன்ட்டி, என்ன சாந்தி, ராவணனுக்கு ப்ரமோஷனா என்று கிண்டல் செய்தார். விடுவேனா, உட்கார வைத்துச் சடங்கு முழுவதையும் சொன்னேன், சுண்டல் ஆறிப்போனது, வந்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. முகமூடியைக் கழற்றிய பிறகு அந்த மனிதர் எப்படி இருந்தார், மறுநாள் கடையைத் திறந்தாரா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அது அடுத்த சாப்டர், என் மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அப்பா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், எல்லோரும் போனதும் நவநீத் அங்கிளுக்குப் போன் போட்டு இப்போதைக்கு வேலை வேண்டாம் என்றார், நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

புரொஃபசர் குறை சொன்ன இடங்களைச் சரி செய், அவரும் உன் நல்லதுக்குத்தான் சொல்வார், அந்தக் கால் விஷயத்தில் மட்டும் கை வைக்காதே. பைக் டாக்ஸியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே, வேளைக்குச் சாப்பிடு.

முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கோவிலில் பார்க்கும்போதெல்லாம் விஷாகா ஆன்ட்டி அடுத்த சாப்டர் எங்கே என்கிறார். என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதே கண்ணு.

உன் அம்மா,
சாந்தி திருமூர்த்தி