பச்சை ஃபைல்

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். இன்று நான் குனியவில்லை!

அந்த மனுஷன் வீட்டிலிருந்து நீ என்னைக் கூட்டி வந்தபோது மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு ஆறே வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் பக்கத்தில் யார் கையைத் தூக்கினாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிவது மட்டும் இரண்டு வருடமாகப் போகவில்லை. பேருந்தில் யாராவது கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினால்கூட அப்படித்தான். உனக்குத் தெரியாததா?

இன்று ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தலைமை எழுத்தர் என் தலைக்கு மேலே கையை நீட்டி அலமாரியில் ஒரு ஃபைலை எடுத்தார். நான் பாட்டுக்கு, "அது இல்ல சார், பக்கத்துல இருக்கிற பச்சை ஃபைல்" என்றேன். அவர் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஓடிப்போய், "சார், அத வச்சுட்டு இன்னொரு தடவை எடுங்களேன்" என்றேன்.

"உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டபடியே வந்து, நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் மறுபடி எடுத்தார். அப்போதும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்!

எழுந்து, மூன்றாம் தடவையும் எடுக்கச் சொன்னதும், "போய் வேலையப் பாரும்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். ஆபீசே திரும்பிப் பார்த்தது. ஓர் ஆண் சத்தம் போட, நான் சிரித்துக்கொண்டு நின்றேன், அக்கா.

உன் தங்கை