தோளில் இருந்த கை

மார்ச் 3, திங்கள்
பெண் பொலிஸ் அணிக்கு, ஆயுததாரி ஒளிந்திருக்கும் இடத்துக்குள் புகும் பயிற்சி தொடங்கிவிட்டது. கைவிடப்பட்ட ஒரு விடுதிக் கட்டடம், பலகைச் சுவர், துவக்கில் குண்டுக்குப் பதில் சாய உருண்டை. கதவருகே நாலு பேர் ஒட்டி நிற்க வேண்டும். பேச்சில்லை. பின்னால் நிற்பவரின் இடக்கை முன்னால் நிற்பவரின் தோளில். கை இருக்கும்வரை நில், எடுத்தால் போ. அவ்வளவுதான். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் ஏழு பேர் ஒரே கதவால் போய்வருகிறோம், ஒருவரும் எங்களுக்குப் பயிற்சி தரவில்லை!
முதலில் நஸீறா, அடுத்தது நான், பிறகு மேனுகா, கடைசியில் குமாரி.

மார்ச் 4, செவ்வாய்
என்னால் நஸீறா அடிபட்டாள்.
என் கை அவள் தோளைவிட்டு எழுந்தது. அவள் போய்விட்டாள், தனியாக. உள்ளே இருந்து சுட்ட சாய உருண்டை பட்டுக் கழுத்து கன்றிப்போயிற்று. நோன்பு வேறு. ஒரு வாய் தண்ணீர்கூட நீட்ட முடியவில்லை எனக்கு.
நான் கையை எடுத்ததே எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற மேனுகாதான் சொன்னாள்: "டிலக்ஷி, நீர் துவக்கை இடக்கைக்கு மாத்திப்போட்டுச் சிலுவை போட்டனீர்."
வாசல் தாண்டும்போதெல்லாம் சிலுவை போடுவது அம்மா பழக்கிய பழக்கம். பஸ் ஏறும்போதும் போடுவேன். ஆனால் அங்கேயுமா?
சார்ஜன் ஜயவீர சிங்களத்தில் சொன்னது இதுதான்: "தங்கச்சி, வெள்ளிக்கிழமை சோதனை. இன்னொரு தடவை நடந்தால் பழைய மேசைக்கே போகலாம்."
பழைய மேசை என்றால் தமிழ் முறைப்பாடு எழுதுகிற மேசை. வருடக்கணக்காக எழுதிவிட்டேன். ஐயோ, திரும்ப அங்கே போக மாட்டேன்.

மார்ச் 5, புதன்
தவக்காலம் தொடங்கும் நாள். காலையில் பூசை, நெற்றியில் சாம்பல். பகலில் கை மறுபடி எழும்பியது. பாதியில் பிடித்துக்கொண்டேன். சார்ஜன் பார்த்தாரா?

மார்ச் 6, வியாழன்
பார்த்திருக்கிறார். என்னை முதலாளாக நிறுத்திவிட்டார். எனக்கு முன்னால் தோளே இல்லை, கெடுப்பதற்கும் ஆளில்லை. நல்ல யோசனைதான். ஆனால் முதலாள் இரண்டு கையாலும் துவக்கைப் பிடித்தாக வேண்டும். சிலுவை போடாமல் ஒரு வாசலை நான் எப்போது தாண்டினேன்? இன்று மூன்று தடவையும் வாசலில் கால் மரத்துப்போய் நின்றேன்.
நஸீறா பக்கத்தில் வந்து இருந்தாள். கழுத்தில் இன்னும் நீலம்.
"நீங்க ஓதுறத மனசுக்குள்ள சொல்ல ஏலாதா?"
"சொல்லலாம். கைக்கு அது விளங்காது."
அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. இவளை அடிபட வைத்தவள் நான், இவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி
சோதனை முடிந்தது.
நான் முதல், எனக்குப் பின்னால் நஸீறா. கை இரண்டும் துவக்கில். மனதுக்குள் தொடங்கினேன்: பிதா, சுதன்... நேரம் போதாது, இப்போது கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எடுக்கவில்லை. சொல்லி முடித்தேன். பிறகுதான் தோள் லேசானது. போனேன். நாலு பேரும் போனோம். ஒருவர்மீதும் சாயம் இல்லை.
சார்ஜன் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார்: "உள்ளே போனது கொஞ்சம் தாமதம். ஆனால் ஒரே ஆள் மாதிரிப் போனீர்கள். திங்கட்கிழமை நாலு பேரும் வாருங்கள்."
வெளியே வந்ததும் நஸீறாவிடம் கேட்டேன், ஏன் அவ்வளவு நேரம் கையை வைத்திருந்தாய் என்று.
"நீங்க ஓதி முடிக்கட்டும் எண்டுதான். முடிஞ்சதும் உங்கட தோள் கொஞ்சம் இறங்கிச்சு. அதுக்குப் பொறகுதான் எடுத்தேன்."