லாரன்ஸுக்குக் காமாலை இல்லை

பாம்பூஃப்ளாட்,
ஆகஸ்ட் 19.

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மக்களே சுபிதா, இங்கே நானும் உன் தம்பி லாரன்ஸும் நம் கடையும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிப்போக்கில் இருக்கிறது. அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் என்றால் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேச வேண்டும், ஃபெரி ஏற ஜெட்டிக்குப் போகிறவர்கள் காதைக் கழற்றி நம் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கிறார்கள். அதுவும் போக, நான் எவ்வளவு பெரிய மடச்சி என்பதை இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதினால் உன் சிரிப்பு எனக்குக் கேட்காது.

அப்பா போன பிறகு மீன் குழம்பு முழுவதும் லாரன்ஸ் பொறுப்பு, பரோட்டாக் கல் நாகராஜ் பொறுப்பு. நாகராஜை உனக்குத் தெரியும், கச்சால் தீவிலிருந்து வந்து நாலு வருடமாக நம்மிடம் இருக்கிறான், சுனாமியில் தாய் தகப்பனை இழந்தவன், போன தடவை நீ வந்தபோது வாழையிலையில் பொதிந்து முட்டைப் பரோட்டா செய்து கொடுத்தானே, அவன்தான். லாரன்ஸ் தன் குழம்பில் என்னையே கரண்டி போட விடமாட்டான், ஆனால் உப்புப் பார்க்க அவனை மட்டும் கூப்பிடுவான். கல்லில் இருந்து எடுக்கும் முதல் பரோட்டாவை நாகராஜ் யாருக்கும் கொடுக்காமல் இவனுக்கென்று மூடி வைப்பான். இதையெல்லாம் நாலு வருடம் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அடுப்படியில் இருவர் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது என் நிர்வாகத் திறமை என்று நினைத்தேன். அதை அக்கரையில் லம்பா லைன் வரைக்கும் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அங்கேதான் லாரன்ஸுக்குப் பெண் கேட்க சோனியா வீட்டைப் பிடித்தேன். நம் பக்கத்து வீட்டு அமிர்தவல்லிதான் சொன்னாள், நல்ல பிள்ளை, பள்ளிக்கூடத்தில் டீச்சர், நம்மைப் போல மாதா கோயில்தான். லாரன்ஸ் பிடிகொடுக்கவில்லை. நான் என்ன செய்தேன்? நாகராஜிடம் போய், நீ சொன்னால் அவன் கேட்பான், நீ எடுத்துச் சொல்லு மக்களே என்றேன். அவன் மாவு பிசைந்துகொண்டிருந்தான், பிசைந்த மாவையே மறுபடியும் பிசைந்தபடி, சரிம்மா சொல்றேன் என்றான். சொல்லவும் சொன்னான் பாவி. பெண் பார்க்கப் போனபோது முந்திரிக்கொத்துப் பலகார டின்னையும் அவன் தலையிலேயே கட்டினேன். இஸ்திரி போட்ட சட்டையில் ஃபெரியில் ஏறி, மடியில் டின்னை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி வந்தான். கடலோரம் பிறந்து வளர்ந்தவனுக்கும் கடல் ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று அவனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தேன். உன் அம்மாவின் புத்தி அப்படி.

மறுவாரம் நாகராஜ், அபர்டீன் பஜாரில் வேறு கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து லாரன்ஸ் சாப்பிடவில்லை. முகம் வெளுத்துவிட்டது, குழம்பில் ஒரு நாள் உப்பு இல்லை, ஒரு நாள் உப்பைத் தவிர எதுவும் இல்லை. பரோட்டாவை நானே போட்டேன், வழக்கமாக வரும் வங்காளி வாத்தியார் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, ஆன்ட்டி, இது பரோட்டாவா செருப்பா என்று இந்தியில் கேட்டார். எனக்கு அந்த அவமானம்கூடப் பெரிதாகப் படவில்லை, பிள்ளைக்குக் காமாலை என்று முடிவு கட்டிவிட்டேன். வேலியோரம் கீழாநெல்லி பறித்து அரைத்து மோரில் கலக்கி ஒன்பது நாள் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தேன். அவனும் ஒரே மூச்சில் குடித்தான். பத்தாம் நாள் டம்ளரை நீட்டினேன், சூரை மீனை வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான், அம்மா, எனக்குக் காமால ஒண்ணும் இல்ல, நாகராஜ் இல்ல, அதான் என்று.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அவன் இல்லாவிட்டால் என்ன, வேற மாஸ்டர் பாப்போம் என்றேன். லாரன்ஸ் என்னைப் பார்த்த பார்வையில்தான் மெதுவாக உள்ளே இறங்கியது. அப்புறம் நான் பேசியதை இங்கே எழுதக் கை கூசுகிறது மக்களே. ஊர் சிரிக்கும் என்றேன், அந்தப் பயல் உனக்கு என்னத்தைப் போட்டுக் கொடுத்தான் என்றேன், உனக்க அப்பா போட்டோவ இனி எந்த முகத்தோட பாப்பேன் என்று கத்தினேன். அதற்கு அவன் அழுதுகொண்டே சொன்னான், அப்பாவுக்குத் தெரியும்மா, ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே கேட்டாரு, அம்மாகிட்ட பைய சொல்லு, மொதல்ல சத்தம் போடுவா, அப்புறம் சோறு போடுவான்னு சொன்னாரு. முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் என்னைப் பற்றி மொத்தமாகக் கண்டுபிடித்தது இவ்வளவுதான் பார். ஆனால் நான் உடனே சோறு போடவில்லை. ஐந்து நாள் அவனோடு பேசவில்லை, கோயிலில் போய் முழங்காலில் நின்று அவனை மாற்றிக் கொடு மாதாவே என்று கேட்டேன். ஐந்து நாளும் ஒரே பதில்தான், முழங்கால் வலி.

சோனியா வீட்டில் சம்பந்தம் நடக்காது என்று சொல்ல வேண்டுமே என்று கூச்சத்தோடு போனேன். லாரன்ஸுக்கு உடம்பு சரியில்லை என்று இழுத்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பிய அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து, விடுங்க ஆன்ட்டி, அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுது, அந்த அண்ணன் பலகார டின்னை நீட்டுறப்ப லாரன்ஸ் கண்ணு அவர் மேலேயே இருந்துச்சு, என்னை ஒரு தடவை கூடப் பாக்கல என்றாள். அரை மணி நேரம் பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கும் தெரியுமா? தெரியும் என்றால் என்னிடம் சொல்லிவிடாதே, கொஞ்சம் மரியாதையாவது எனக்கு மிஞ்சட்டும்.

திரும்பி வந்தபோது லாரன்ஸ் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான், நாகராஜ் சனிக்கிழமைக் கப்பலில் மெயின்லேண்டுக்குப் போகிறானாம், இனி வரமாட்டானாம். அன்று வியாழன். அப்பா சொன்ன சோற்றைப் போட வேண்டிய நேரம் இதுதான் என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலை ஃபெரியில் சாத்தம் ஜெட்டிக்குப் போய், பஸ் பிடித்து அபர்டீன் பஜாரில் அவன் வேலை செய்யும் கடைக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். கல் முன்னால் அவனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது, வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து பரோட்டா கேட்டுவிட்டேன். மூன்று தின்றேன். அவனே வந்து எதிரில் நின்றான். வா மக்களே என்றேன். அவன் கேட்டான், என்னை வேலைக்குக் கூப்பிட வந்தீங்களா, வீட்டுக்குக் கூப்பிட வந்தீங்களாம்மா? நம்ம கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வாசல்தானே என்றேன், கெட்டிக்காரத்தனமாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அவன் விடவில்லை, வாசல் ஒண்ணுதான், ஆனா நாலு வருசமா நான் அரிசி மூட்டை கெடக்குற ரூம்லதானம்மா படுத்தேன் என்றான். லாரன்ஸ் ரூம்ல ஃபேன் நல்லாச் சுத்தும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சால்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கப்பல் அவன் இல்லாமல் போனது. அவன் பையோடு பத்து மணி ஃபெரியில் வந்து இறங்கினான். லாரன்ஸ் மீன் வெட்டிக்கொண்டிருந்தவன் எழுந்திருக்கவில்லை, காலால் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, சாப்டியா என்று மட்டும் கேட்டான். நான் வெங்காயம் இல்லாத இடத்தில் போய் வெங்காயம் உரித்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அமிர்தவல்லி பேச்சை நிறுத்திவிட்டாள். பூசையில் என் பெஞ்சில் இருந்த இருவர் தள்ளிப்போய் உட்காருகிறார்கள், காற்று நன்றாக வருகிறது. அதற்காக நான் ஒன்றும் வீராங்கனை இல்லை, சில நாள் எனக்கே பயமாக இருக்கிறது, நாளைக்கு நானும் இல்லாமல் போனால் இந்த ஊர் இவர்களை என்ன சொல்லும் என்று. அடுப்படியில் இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டால் இருமிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இருமி இருமி, எதிர்க்கடை அப்துல் ஜப்பார் பாய் எனக்கு ஆஸ்துமா என்று தேன் பாட்டில் கொடுத்துவிட்டார்.

பிள்ளைக்குத் தலையில் தேங்காய் எண்ணெய் வை, மருமகனிடம் விசாரித்ததாகச் சொல். ஆண்டவரும் மாதாவும் உங்கள் வீட்டைவிட்டு அகலாமல் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன்னை இதுவரை அக்கா என்ற நாகராஜ், இனி முறைப்படி மதினி என்று கூப்பிடலாமா என்று நேற்று என்னிடம் கேட்டான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அவன் முகம் சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனை அவனிடம் கொடுப்பேன். அவன் மதினி என்றால், நீ சிரிக்காமல், சொல்லுங்க என்று சொல்லு மக்களே.

இப்படிக்கு,
முதலில் சத்தம் போட்டவளும் பிறகு சோறு போட்டவளுமான
உன் அம்மா லூசி